விதை ஒட்டியிருந்த பாதி

ஒரு மனிதர் தலைகுனிந்ததை இத்தனை வருடம் கழித்தும் நினைத்து நினைத்து மகிழலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக மகிழலாம் என்பேன். நான் அறிவியல் வாத்தியாராக இருந்த வேலூர் உயர்நிலைப் பள்ளியில் அவர் எனக்கு மேலே சீனியர் வாத்தியாராக இருந்தவர். பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவர். மூக்கு மட்டும் ரொம்ப மெல்லிசு, எந்த நாற்றமும் தாங்காது. திங்கட்கிழமை காலை நான் ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும், "பாய் வந்துட்டாரு, ஜன்னலைத் தொறங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன்.

ஆம்பூரில் என் மாமுவுக்குத் தோல் பதனிடும் டேனரி இருந்தது. தண்ணீர் இறைக்கும் என்ஜினுக்கு வங்காளத்து நிலக்கரி வரும். கரி கம்மி, எரியாத கல் ஜாஸ்தி. மாமு கரி அனுப்பியவனின் பரம்பரையையே திட்டிவிட்டு, கல்லைப் பொறுக்கிச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் கொட்டச் சொல்வார். லீவு நாளெல்லாம் எனக்கு அந்தக் குவியலோடுதான் போனது.

அந்தக் கல் ஒரு காலத்தில் சேறு. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ யுகம் முன்னால் ஒரு சதுப்புக் காட்டின் அடியில் கிடந்த சேறு. அதில் விழுந்த இலையின்மேல் உடனே அடுத்த சேறு மூடிக்கொண்டால், காற்றுப் புகாது, அழுகாது. மேலே பாரம் ஏற ஏற இலை நசுங்கிக் கரிப் படலமாகிவிடும், சேறு கல்லாகிவிடும். விளிம்பில் உளியை வைத்துப் பதமாகத் தட்டினால் கல் புத்தகம்போல் விரியும். கரிப் படலம் ஏதாவது ஒரு பாதியில் ஒட்டிக்கொள்ளும். மறுபாதியில் வெறும் பதிவுதான் இருக்கும். பெரும்பாலும் நாக்கு வடிவத்தில் ஒரே மாதிரி இலைகள். எங்கள் நாட்டு நிலக்கரி முழுக்க அந்த இலைதான். ஆனால் அந்த மரம் விதையில் முளைத்ததா, பெரணிச் செடிபோல் விதையே இல்லாமல் தூளில் முளைத்ததா என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இலை கிடைத்த இடத்திலெல்லாம் இலை மட்டுமே கிடைத்தது.

எனக்கு விதை கிடைத்தது. இலையின் நடு நரம்பிலிருந்து சின்னக் காம்பு, காம்பின் நுனியில் தட்டையான ஒரு மடல், மடல் நிறைய எள்ளளவு விதைகள். கரியோடு விதை புடைத்து நின்ற பாதி தொட்டால் உதிரும்போல இருந்ததால் அதை ஆட்டுத்தோலில் சுற்றி டேனரியிலேயே வைத்தேன். குழிகள் மட்டும் தெரிந்த மறுபாதியை வேலூருக்கு எடுத்துப்போய், புத்தி கெட்டுப்போய், அவரிடம் காட்டினேன்.

"இன்னா பாய் இது?" என்று வாங்கியவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இன்னொரு பாதி ஆம்பூர்ல இருக்குது சார். அதையும் பாத்தாத்தான் புரியும். ஒரு நாள் வாங்க."

"அந்த நாத்தத்துல வந்து நிக்க என்னால ஆவாது. இங்கயும் கொண்டாராத. இது ஒண்ணே போதும்."

டேனரியில் கூலிக்கு வருகிறவன்கூட ஒரு தோலை மயிர்ப் பக்கம் பார்த்ததோடு விடமாட்டான். புரட்டிச் சதைப் பக்கம் பார்த்தபிறகுதான் வாயைத் திறப்பான். அவர் புரட்டவில்லை. குழிகளை மட்டும் பார்த்துவிட்டு, அவை பெரணி இலையின் அடியில் இருக்கும் தூள் பொட்டுகள் என்றும், தானே கண்டுபிடித்ததாகவும் ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார். என் கல்லை எடுத்துக்கொண்டதற்கு வயிறு எரிந்தது. அதைத் தப்பாகப் படித்தார் என்று தெரிந்ததும் வயிறு குளிர்ந்தது. போகட்டும், நன்றாக ஆழத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

கல்கத்தாவிலிருந்து கனிமம் பார்க்கும் அறிஞர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது, பள்ளி மண்டபத்தில் எங்கள் சாரின் பேச்சுக்கு ஏற்பாடு செய்தார்கள். தலைமையாசிரியர் இடம் காலியாகப் போகிற சமயம். நிர்வாகத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். இவர் சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தூள் பொட்டு, பெரணி என்று முழங்கினார். அறிஞர் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபாதி எங்கே என்று கேட்டார்.

"பிளக்கும்போதே நொறுங்கிப்போச்சு" என்றார் இவர், கொஞ்சமும் தயங்காமல்.

நான் பின்வரிசையிலிருந்து எழுந்து முன்னால் போனேன். ஆம்பூரிலிருந்து அன்று கையோடு கொண்டுவந்திருந்த ஆட்டுத்தோலைப் பிரித்து, விதை ஒட்டியிருந்த பாதியை மேஜைமேல் வைத்தேன். அறிஞர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விதை இருந்தது. காம்பைத் தொடாமல் விரலால் காட்டி, "இது பெரணி இல்லை, விதை" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு எந்த இடத்தில் கிடைத்தது என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து வந்தது. தலைப்பாகைக்காரர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் இன்றும் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கல் இரண்டும் கல்கத்தாவுக்குப் போயின. அந்த விதையைப் பற்றிய கட்டுரை என் பெயரில் வரப்போகிறது என்று செய்தி வந்த வாரமே அவர் ஆம்பூருக்கு வந்தார். ஊற வைத்த தோல்களைத் தொட்டியிலிருந்து இழுத்துப்போட்டிருந்த நேரம். ஆபீஸ் அறை சும்மாதான் இருந்தது. நான் அவரை அங்கே கூப்பிடவில்லை. தொட்டிக்கரையிலேயே நிற்க வைத்தேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார்.

"காதுல விழல சார். துணிய எடுத்துட்டுப் பேசுங்க."

கைக்குட்டையை எடுத்தால், கேட்பதைச் செய்துவிடலாம் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். எடுத்தார். கண்ணில் நீர் கட்டியது. குமட்டலை விழுங்கிக்கொண்டார்.

"என் பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க பாய். ரெண்டு பேரும் சேந்து செஞ்சதா இருக்கட்டும். இல்லாட்டி ஹெட்மாஸ்டர் வேல எனக்குக் கெடைக்காது. வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணுங்க இருக்குது."

என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அது இனித்த இனிப்பில், செய்துவிடலாம் என்ற எண்ணம் போன இடம் தெரியவில்லை.

"முடியாது சார்" என்றேன்.

அவர் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார். தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. அவர் வந்து போன அன்று மதியம் நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.