கட்டத்தில் இல்லாத தங்கச்சி

வண்டியூர் தெப்பக்குளத்தருகே ஜாதகம் பார்த்த ஜோசியர், கட்டத்தைப் பார்க்குமுன் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் இரண்டு முறை துடைப்பார்.

எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதற்குச் சோழவந்தான் அத்தை வைத்த செய்வினைதான் காரணம் என்று நம்பிய அப்பா, இரண்டு வருஷமாக அவளோடு பேசவில்லை. அந்தச் செய்வினையை எடுக்க ஜோசியரிடம் மந்திரித்த தகடு கேட்டார்.

"பாக்குறதுதாண்ணே என் தொழில். மந்திரிக்கிறவன் வேற ஆளு."

"வச்சது அவதானேன்னாவது சொல்லுங்க."

அவர் ஜாதக நோட்டை அப்பா பக்கம் திருப்பினார். "இம்புட்டு கட்டத்துலயும் கிரகந்தாண்ணே இருக்கு. ஒங்க தங்கச்சி எங்கயும் இல்ல."

அப்பா எழுந்து, சோழவந்தான் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

செருப்பு மாட்டும்போது நிமிர்ந்தேன். ஜோசியர் வீட்டு நிலைப்படியிலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் தொங்கியது. அவ்வளவு தெளிவாகப் பேசியவர், அதை யாருக்குப் பயந்து கட்டினாரோ!