இடது விளிம்பு

அகழாய்வுக் கூடத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த கற்கருவிகளைத் தாளில் வரைவது அவள் வேலை. அந்தச் சொரசொரப்பான கல்லுக்கு நிழலைக் கோடாக இழுத்தால் எடுபடாது, புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். வாழ்நாளெல்லாம் குத்தினாள், பேர் ஒட்டிக்கொண்டது.

செதில் பெயர்ந்த தழும்புகளைப் பார்த்தே, கல்லைத் தட்டியவனை ஏசுவாள். மனுஷன் என்று சொல்லலாமா கூடாதா என்று ஆராய்ச்சியாளர்களே அடித்துக்கொள்ளும் ஆதிகாலத்து ஆள் அவன். "சோம்பேறிப் பய, நாலு தட்டு தட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்" என்பாள், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. உடைந்த கல்லை ஊகத்தில் முழுசாக்கி வரைகிறவர்களைக் கண்டால் ஆகாது. இருப்பதை மட்டும் வரையணும், ஒட்டவைக்க நாம என்ன பல் டாக்டரா என்று கேட்பாள்.

மகள் தொழிற்சாலையில் இயந்திர உதிரிகளை அளந்து பார்ப்பவள். அவளிடமும் அம்மாவுக்கு ஒரு கேலி உண்டு: உன் இரும்புக்குக் கோபதாபமே கிடையாதாடி?

அறிக்கைக்கான படங்களில் ஒன்றுதான் பாக்கி. அடிச் சரளை மண்ணில் கிடைத்த கைக்கோடரி. இரு விளிம்பும் ஒன்றுக்கொன்று ஈடாக வளைந்து கூர்முனையில் சேரும். நல்லதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தாள். அதற்குள் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கை தப்பித்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். நாக்கு தெளிந்ததும் அவள் கேட்டது அந்தக் கல்லைத்தான். அதை முடிக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்றாள். அகழாய்வு இயக்குநர் அச்சகத்தை நிறுத்திவைத்து, கல்லை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

கண்ணில் பழுதில்லை என்றார் டாக்டர். இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை விட்டுவிட்டதாம், விட்டதும் அவளுக்குத் தெரியாதாம். மகளுக்கு அது சாப்பாட்டு நேரத்தில்தான் விளங்கியது. தட்டின் வலப்பாதியைத் துடைத்தாற்போல் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றாள் அம்மா. இடப்பாதியில் வைத்தது வைத்தபடி இருந்தது.

படம் முடிந்தது. புள்ளிகள் பழையபடியே அச்சுப்போல விழுந்திருந்தன. கல்லின் நடுவில் வந்து நின்றிருந்தன. அதற்கு இடப்பக்கம் வெறும் தாள்.

வாங்கிப் போக வந்த இயக்குநர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அருமையாக இருக்கிறதக்கா என்றார். வாசலில் மகளிடம், போட்டோ எடுத்துப் போட்டுவிடலாம், ஆனால் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றார். படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். படம் பாதிதான் இருக்கிறதென்று சொன்னாள்.

"கல்லே பாதிதானேடி. உடைஞ்சு கிடைச்சது. இல்லாததை எப்படி வரைவேன்?"

அளந்து காட்டலாம். ஆனால் அளவுகோலையும் அம்மா பாதிதான் பார்ப்பாள். மகள் கல்லை எடுத்து அவள் வலது உள்ளங்கையில் வைத்தாள்.

"கண்ணை மூடிக்கோம்மா. விரலால பாரு."

கட்டைவிரல் விளிம்பில் ஏறி முனைக்குப் போனது. முனையைத் தாண்டி இறங்கியது. எங்கும் தடைபடாமல் அடிவரை வந்தது. அம்மா கண்ணைத் திறந்து கல்லைப் பார்த்தாள். மறுபடி மூடி, மறுபடி தடவினாள். முகம் மெல்ல மாறியது.

"முழுசா இருக்கு."

மகள் படத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"பாதிதான்னு இயக்குநர் தம்பி பார்த்தானா?"

"பார்த்தார்."

"அருமைன்னானே, பாவி." சிரிக்கப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம்தான் எழுந்தது. "போட்டோ எடுத்துக்கச் சொல்லு. அதுக்குக் கீழ என் பேரு வேண்டாம்."

கல்லைத் திரும்ப வாங்க மகள் கையை நீட்டினாள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கட்டைவிரல் இடது விளிம்பிலேயே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மகள் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.