சைரனுக்கு ஒரு கோச்

என் நாத்தனாருக்கு வேலை செய்யும் இடத்தில் ‘சைரன்’ என்று பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் துணிகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் பெரிய சலவை ஆலை அது. பத்து மெஷின் ஒன்றாக இரைந்தாலும் அவள் குரல் அதற்கு மேலே கேட்கும். பத்தொன்பது வயதில் மடிக்கிற மேஜையில் போய் நின்றவள், நாற்பத்திரண்டில் இஸ்திரிப் பிரிவுக்கே சூப்பர்வைசர். இரண்டு முறை கல்யாணம் பேச்சோடு நின்றது. “தப்பிச்சது அவங்கதான்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்குள் நுழைந்தால் தெருக்கோடிக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சாயங்காலம் வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் கூரை பிய்ந்திருக்கும். அன்று அமைதியாக வந்து அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“அண்ணி, இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“என்னடி நினைக்கிறது? அடுப்பைத் துடைக்கணும்னு நினைக்கிறேன். உடம்புக்கு முடியலையா உனக்கு?”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆலையில் அவளுக்கு ஒரு கோச் போட்டிருக்கிறார்களாம்.

“நீ என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போற?”

“பிசினஸ் கோச் அண்ணி. வாரத்துக்கு ஒரு மணி நேரம், எங்கூட மட்டும் உக்காந்து பேசுவாங்க. நான் வேலையில வளரணுமாம்.”

“நாப்பத்திரண்டு வயசுல இன்னும் எங்கடி வளர்றது?”

சிரித்துவிட்டேனே தவிர எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் துவைக்கிற பிரிவின் சூப்பர்வைசருக்கும் இதே மாதிரி ஒரு ஆள் வந்தான். மூன்று மாதம் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். நாலாவது மாதம் எல்லாரும் கைதட்டி, அந்த மனுஷன் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில்லாத ஆளுக்கு மணி பார்த்து என்ன ஆகப்போகிறது?

இவளையும் அனுப்பத்தான் ஏற்பாடு நடக்கிறது என்று எனக்குப் பட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஆலைக்காரன் காசு செலவு பண்ணிச் சொல்லிக் குடுத்தாலும் உனக்குச் சந்தேகம்” என்றார். காசு செலவு பண்ணுகிறான் என்பதுதானே சந்தேகமே!

அடுத்த வாரம் அவள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினேன். பழைய சோப்புத்தூள் டப்பாக்களை வெளியே தள்ளி, கோச்சுக்காக ஒரு சின்ன அறையைக் காலி பண்ணியிருந்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. கோச்சம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சாம்பல் நிறச் சட்டை, நடந்தால் சத்தமே வராத செருப்பு. சத்தம் வராமல் நடக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

“வாங்க. வர்ற வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“ரோடு மாதிரி இருந்துச்சு.”

அதற்கும் சிரித்தாள். மேஜை மேல் ஒரு நோட்டு. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள்.

பொய் சொல்லக்கூடாது, நாத்தனாரிடம் மாற்றம் தெரிந்தது. அவள் பிரிவில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள். அவளை எல்லாரும் ‘ரெட்டைப்பிள்ளை’ என்றே கூப்பிடுவார்கள். மடிப்பதில் அவள்தான் எப்போதும் கடைசி. இரண்டு வருஷமாக அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்த சைரன், ஒருநாள் பக்கத்தில் போய், “உனக்கு எங்க கஷ்டமா இருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். “மேஜை தாழ்வா இருக்குக்கா, இடுப்பு விட்டுப் போகுது” என்றாளாம். மேஜைக்கால்களுக்கு அடியில் நாலு மரக்கட்டை வைத்தார்கள். ஒரே வாரத்தில் அவள்தான் முதல். என் நாத்தனார் இதை மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் புதுசாகச் சொல்கிற மாதிரியே.

“இரண்டு வருஷம் கத்துனதுக்கு ஒரு தடவை கேட்டிருக்கலாம் அண்ணி” என்றாள்.

ஆனால் அடுத்த வாரம் கோச்சம்மா கொடுத்து அனுப்பிய வீட்டுப்பாடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. இவளுக்கு மட்டும் தெரிந்த வேலை நுணுக்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதித் தர வேண்டுமாம்.

“நீங்க இல்லாதப்பவும் பிரிவு ஓடணும், அப்பதான் நீங்க மேல போக முடியும்னாங்க.”

“நீ இல்லாமலே ஓடும்னா உன்னை எதுக்குடி வெச்சிருக்கணும்? எல்லாத்தையும் கறந்துக்கிட்டு வாசலைக் காட்டப் போறாங்க. கடிகாரம் வாங்கியாச்சான்னு கேட்டுட்டு வா.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கினேன். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்த இஸ்திரி உருளை எப்போது மக்கர் பண்ணும் என்று ஏழு பக்கம். முடிக்கும்போது சொன்னேன், “ஒண்ணே ஒண்ணை விட்டுடு. உன்கிட்டயும் ஏதாவது இருக்கட்டும்.”

பேனாவைக் கடித்தாள். அப்புறம் நீலத் துணியை விட்டாள்.

ஆபரேஷன் அறையில் விரிக்கிற துணி அது. நடுவில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். வெள்ளை விரிப்பு ஓடுகிற வேகத்திலேயே அதையும் இஸ்திரி உருளையில் விட்டால், ஓரமெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து வரும், நடுவில் ஈரம் நிற்கும். தொட்டுப் பார்க்கிறவர்கள் ஓரத்தைத்தான் தொடுவார்கள். இவள் வேகத்தைப் பாதியாகக் குறைப்பாள். புறங்கையை நடுவில் வைத்துப் பார்த்த பிறகுதான் மடிக்க விடுவாள். இருபத்து மூன்று வருஷத்துக் கை.

அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் வெளியூரில் வகுப்பு என்று இவளை அனுப்பினார்கள். பிரிவை ரெட்டைப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அந்த ஏழு பக்கத்தோடு.

திரும்பி வேலைக்குப் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாப்பது கட்டு நீலத்துணி திரும்பி வந்துடுச்சு அண்ணி. பிரிச்சா நடுவுல ஈரம், வாடை. ஆஸ்பத்திரிக்காரங்க லாரியோட திருப்பிட்டாங்க.”

“யாரு தலையில விடிஞ்சுது?”

“ரெட்டைப்பிள்ளை தலையில. ‘பேப்பர்ல இருந்தபடிதான் ஓட்டினேன்க்கா’ன்னு அழுவுறா. இனிமே அவளை மெஷின் பக்கமே விடாதீங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நாளைக்குக் காலையில, தப்பு தன்னோடதுன்னு அவகிட்ட எழுதி வாங்கப் போறாங்களாம்.”

அப்போது நான் சொன்னதை இப்போது மறைக்கப்போவதில்லை. “வாயைத் திறக்காதே. திறந்தா உன் வேலை போயிடும். அவங்க காத்துக்கிட்டு இருக்கிறதே அதுக்குத்தான்.”

“என்னை வாயைத் திறக்காதேன்னு இந்த வீட்டுல யாராவது சொல்லுவாங்கன்னு நான் நினைச்சதே இல்ல அண்ணி.”

“கோச்சம்மாவைக் கேட்டியா?”

“கேட்டா அவங்களும் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னுதான் கேப்பாங்க. நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியுது.”

காலையில் நான் எழுந்து வருவதற்குள் கிளம்பிவிட்டாள். அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டேன்.

சாயங்காலம் சொன்னாள். மேனேஜர் அறைக்குள் போய், “அந்த வரியை எழுதாம விட்டது நான்தான். அவமேல தப்பில்ல” என்றிருக்கிறாள். கோச்சம்மாவும் அங்கே இருந்திருக்கிறாள்.

“என் பேரை இழுத்தியா?”

“உங்க பேரை எதுக்கு இழுக்கிறேன்? பேனா என் கையிலதானே இருந்துச்சு.”

அது சுருக்கென்று தைத்தது.

“கோச்சம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எதுக்குப் பயந்து விட்டீங்கன்னாங்க. சுவர்க் கடிகாரத்தைச் சொன்னேன். அவங்க மேனேஜர் பக்கம் திரும்பி, ‘இவங்களை அனுப்பத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?’ன்னு கேட்டுட்டாங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“இல்லைன்னாரு.”

“உடனே சொன்னாரா?”

யோசித்தாள். “ரெண்டு மூச்சு விட்டுட்டுச் சொன்னாரு.”

“ரெண்டு மூச்சு ரொம்ப அதிகம்டி.”

ரெட்டைப்பிள்ளையை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். இவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஏழு பக்கம் எட்டுப் பக்கமாயிற்று. எட்டாவது பக்கத்தில் வேகம், புறங்கை, நடுப்பகுதி எல்லாம் படம் போட்டே எழுதினாள். “இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல அண்ணி” என்று கையை விரித்துக் காட்டினாள். பயந்த மாதிரி தெரியவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தட்டையாக இருந்தது.

“குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க. பிரிங்க.”

கிழித்தேன். உள்ளே கடிகாரம் இல்லை. வெள்ளைப் பலகை, பேனாவால் எழுதி எழுதி அழிக்கிற மாதிரி. கொடுத்தது புது வேலையை. துவைக்கிற பிரிவையும் இவளையே பார்க்கச் சொல்லிவிட்டார்களாம், ஆறு மாதம் பரீட்சார்த்தமாக. இஸ்திரிக்கு, இவளுக்குக் கீழே, ரெட்டைப்பிள்ளை. மறுநாள் துவைக்கிற பிரிவில் மாட்டுவதற்காகக் கடையிலிருந்து இவளே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ஆறு மாசம்னா ஆறு மாசம் கழிச்சு?”

“அண்ணி!” என்று கத்தினாள் பாருங்கள், ரொம்ப நாளைக்குப் பிறகு. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் மாடிக்குப் போன பிறகு அந்தப் பலகையைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டேன்.