கருவாட்டுக் குழம்பும் ஒரு ஃபிளாட்டும்

ரேணிகுண்டாவில் ஒரே சந்தில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். ஓட்டு வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்ட ஆரம்பித்தபோது, சொந்த வீடென்றால் அது இதே சந்தில்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

புரோக்கர் ஒரு ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு மெல்ல இழுத்தார்: “இங்க எல்லாரும் வெஜ்ஜும்மா. நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களா?”

“இல்லன்னு சொல்லிடு” என்று கணவர் என் காதில் கிசுகிசுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து பாய் வீட்டுப் பிரியாணியும், வடக்கத்தி ரயில்வேக்காரர்களின் கடுகெண்ணெயும், எங்கள் கருவாடும் சேர்ந்து மணந்த சந்து இது. அன்றைக்கு யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இந்தக் கட்டடம் வந்தே மூன்று வருடம் ஆகவில்லை.

“துன்னுவோம். கருவாடும் துன்னுவோம். வீட்டுக்காரர்கிட்ட அப்படியே சொல்லுங்க” என்றேன்.

மகள் ஊருக்குக் குடிபோகும் அவசரத்தில் இருந்த வீட்டுக்காரர், “சமைக்கிறது அவங்க இஷ்டம்” என்று எங்களுக்கே விற்றார்.

பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாளே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கணவர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்த ஓடினார்.

“தொறந்தே கெடக்கட்டும்” என்றேன். “நாலு செவுரு மட்டுமா வாங்கினோம்? ஜன்னலையும் சேத்துத்தானே வாங்கினோம்!”