டார்ச் பிடித்தவள்

ஊரப்பாக்கத்தில் எங்கள் கார் தினமும் வாசலில் எண்ணெய் சொட்டியது. மெக்கானிக் எதற்கு என்று, என்ஜினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியை நானே கழற்றி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்புவதுபோல் கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்டை அப்பி மாட்டினேன். மனைவி டார்ச் பிடித்தாள். கசிவு நின்றது.

மூன்றாம் நாள் மனைவியோடு தாம்பரம் போகும் வழியில் என்ஜின் கடகடத்து நின்றேவிட்டது.

அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் தொட்டியைத் திறந்தார். உள்ளே பிதுங்கிய பேஸ்ட், எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்திருந்தது.

"என்ஜினே போச்சு சார். யாரு இத்த அப்பினது?"

"வேற ஒரு மெக்கானிக்" என்றேன்.

"நல்லா ஏமாத்திட்டான் சார் உங்கள" என்று எனக்காக வருந்தினார். பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பொய்யைப் பற்றி அவள் பிறகு கேட்டதில்லை. இப்போதெல்லாம் வீட்டில் எதைக் கழற்றினாலும் டார்ச்சை நானே வாயில் கவ்விக்கொள்கிறேன்.