வளைத்த ஹோஸும் வெள்ளைத் துணியும்

அந்தத் தெருவில் அவரைக் குழாய் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். பிளம்பர் என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். வேலையில் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். எந்த வீட்டில் எது ஒழுகினாலும் நிறுத்திவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், எண்ணெய் ஒழுகுகிற ஒரு லாரியைக் கொண்டுவந்து சொந்த வாசலில் நிறுத்தினால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

ராணுவம் வேண்டாம் என்று கழித்த பழைய லாரி அது. ஏலத்தில் எடுத்தது. வெயிலில் வெளுத்த பச்சைப் பெயிண்ட், நெஞ்சளவு சக்கரங்கள், கதவை அடித்துச் சாத்தினால் தெருக்கோடியில் குழந்தை விழித்துக்கொள்ளும். பைப் ஏற்றிக்கொண்டு போக வாங்கினேன் என்றார் குழாய். அதை யாரும் நம்பவில்லை. அவர் வீட்டம்மா சுத்தமாக நம்பவில்லை. இரண்டு பைப்பையும் ஒரு ஸ்பேனர் பையையும் சைக்கிளில் கொண்டுபோகிற ஆளுக்கு லாரி எதற்கு? ஆசைதான், வேறென்ன.

வீட்டம்மாவைத் தெரு தையலம்மா என்று கூப்பிடும். முன்னறையில் மெஷின் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பவர். ஒரு தையல் கோணினாலும் முழுசாகப் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை. பேச்சிலும் அதே கறார். லாரிக்கு அவர் வைத்த பெயர் சின்ன வீடு. "உங்க சின்ன வீடு மறுபடி வாசலை நாறடிச்சிருக்கு, போய்த் துடைச்சுட்டு வாங்க" என்று அவர் சத்தம் போட்டதைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரி ரொம்ப நாள் குழாயின் முகத்தையே பார்க்கவில்லை.

"எல்லாம் சரியானதும் முதல் ரவுண்டு உன்னைத்தான் ஏத்திக்கிட்டுப் போவேன்" என்று வாங்கிய அன்றே வாக்குக் கொடுத்திருந்தார் குழாய்.

"அதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும். கொட்டலைன்னாலும் அந்த உசரத்துக்கு நான் எப்படி ஏறுறது? கிரேன் வப்பீங்களா?" என்றார் தையலம்மா. ஆள் கொஞ்சம் குள்ளம்.

ஒழுகல் எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவே குழாய்க்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் டர்போ என்று தெரிந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலி அது. அந்த லாரியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. எஞ்சினிலிருந்து எண்ணெய் வந்து அதை நனைத்துவிட்டு, ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாகத் தானே கீழே வடிந்து எஞ்சினின் அடித்தொட்டிக்குப் போய்ச் சேரும். அந்த இரண்டு ஹோஸும் சூட்டில் வெந்து, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்து வெடித்திருந்தன.

ஹோஸ்தானே? குழாய்க்கு வாயெல்லாம் பல். இதைவிட லட்டு மாதிரி வேலை உண்டா? எண்ணெய்க்கென்றே விற்கிற நல்ல ஹோஸாகத் தேடி வாங்கினார். லாரிக்கடியில் முதுகைக் கொடுத்துப் படுத்தார். பழசை அறுத்தெடுத்தார். புதுசைக் கொஞ்சம் தாராளமாக வெட்டி, நடுவில் கீழ்நோக்கி அழகாக ஒரு தொங்கல் விட்டு, மறுபடி மேலே தூக்கி மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஏன் தொங்கல் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. கை தன்னால் வளைத்தது. வெளியே வந்து குனிந்து பார்த்து, தானே ஒருமுறை மெச்சிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சைலன்சரிலிருந்து நீலம் பாய்ந்த புகை கிளம்பியது பாருங்கள், தெருவே மறைந்துவிட்டது. கொடியில் தையலம்மா அலசிக் காயப்போட்டிருந்த வெள்ளைக் கோட்டுகள் இருந்த இடம் தெரியவில்லை. புகை கலைந்தபோது அவை வெள்ளையாக இல்லை. டர்போவின் மூட்டிலிருந்து எண்ணெய் முன்னைவிடச் சுறுசுறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

தையலம்மா கத்தவில்லை. உள்ளே போய்த் தம்பிக்கு போன் போட்டார். தம்பி பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். அந்த லாரி வந்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு கண்.

"ஞாயித்துக்கிழமை காலையில வா. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்கடியில வெள்ளைத் துணி விரிப்பேன். விடிஞ்சு பார்க்கும்போது ஒரு சொட்டு இருந்தாலும் நீ கட்டி இழுத்துட்டுப் போயிடு" என்றார் போனில். பிறகு குழாயைப் பார்த்து, "கேட்டுச்சுல்ல?" என்றார்.

கேட்டது. குழாய் கிளாம்பைக் கழற்றி மாட்டினார், இன்னும் இறுக்கினார், பசை தடவினார். வண்டி புகைந்தது. உண்மையைச் சொன்னால், இரும்புக் கடையில் அந்த லாரியைத் துண்டுபோடுவார்கள் என்று நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை பல் டாக்டரம்மா வீட்டில் வேலை. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. குழாய் தொட்டிக்கடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தார். மூக்குக்கு நேரே தொட்டியின் கழிவுக் குழாய். கீழே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே ஏறுகிற அந்த வளைவு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அந்த வளைவு இல்லாமல் குழாய் தம் வாழ்நாளில் ஒரு தொட்டியும் மாட்டியதில்லை.

அப்படியே அசையாமல் கிடந்தார்.

"என்னங்க, உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லம்மா. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது."

அடைப்பை எடுத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடிவந்தார். தையலம்மா மெஷினில் இருந்தார்.

"தப்பு வண்டிமேல இல்ல, என்மேலதான்" என்றார் குழாய். "எண்ணெய் தானா வடிஞ்சு இறங்கணும். நான் தொட்டிக்குப் போடுற மாதிரி வளைச்சு மாட்டியிருக்கேன். எண்ணெய் அங்கேயே குளம் கட்டி நிக்குது. எறங்க வழியில்லாம டர்போ வழியா பிதுங்கி சைலன்சருக்குள்ள போய்ப் புகையுது."

தையலம்மாவின் கால் மெஷினில் நின்றது. "நாத்தம் வராம இருக்க வளைச்சீங்களாக்கும்?"

"ஆமா."

"லாரிக்கு."

"ஆமாம்மா."

தையலம்மா சிரிக்க ஆரம்பித்தார். மெஷின்மேல் கவிழ்ந்து, தைக்கிற கோட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அசடு வழிய நின்ற குழாய்க்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தபோது, லாரி போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

மத்தியானம் அவர் லாரிக்கடியில் ஹோஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் வந்து நின்றன. கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு தையலம்மா குனிந்தார்.

"அளந்து வெட்டுங்க. கண்ணால வெட்டினது போதும். இந்த முனையைப் பிடிங்க."

அவர் அளந்து சொன்னார், இவர் வெட்டினார். இரண்டு ஹோஸும் எங்கும் தொங்காமல், சரிவாக, ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கின. வண்டியைக் கிளப்பியதும் மிச்சம் மீதி எண்ணெய் கருகுகிற வரை புகைந்தது, பிறகு தெளிந்தது. எதிர்வீட்டுக்காரி சன்னலைத் திறந்தே வைத்திருந்தார். சாயங்காலம் தையலம்மா வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் லாரிக்கடியில் விரித்தார். பேச்சு பேச்சுதான் என்று அதற்கு அர்த்தம்.

ஞாயிறு விடிந்ததும் குழாய் முதல் ஆளாகப் போய்க் குனிந்தார். துணி பளிச்சென்று இருந்தது. நடுவில் மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ஒரே ஒரு சொட்டு.

மறைத்துவிடலாம். துணியைத் திருப்பிப் போட்டால் போதும், யாருக்குத் தெரியும்? கை நீளவும் செய்தது. ஆனால் அந்தத் துணியில் அவளை ஏமாற்ற மனசு வரவில்லை. துணியை எடுத்துக்கொண்டுபோய் அவளிடமே நீட்டினார்.

"பழைய எண்ணெய் எங்கயாவது தங்கி விழுந்திருக்கும். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல" என்றார்.

தையலம்மா சொட்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். அதற்குள் வாசலில் தம்பியின் இழுவை வண்டி வந்து நின்றது. தோளில் இரும்புச் சங்கிலியோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி மலர்ந்த முகத்தோடு தம்பி இறங்கினார்.

"என்ன மாமா, முகம் செத்துப் போயிருக்கு? அக்கா, துணி எங்க?"

தையலம்மா துணியை மடித்தார். பாதியாக, கால்வாசியாக, சொட்டு உள்ளே போகும்படி நேர்த்தியாக மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு சொட்டு இல்லடா. நீ கிளம்பு."

"சும்மா காட்டு, பார்க்கிறேன்."

"எனக்குத் துணி பார்க்கத் தெரியாதுன்னு சொல்ல வர்றியா?"

தம்பிக்கு அக்காளைத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியைத் தூக்கி வண்டியில் எறிந்தார். இழுவை வண்டி தெரு திரும்புகிற வரை குழாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தையல் கோணினால் பிரிக்கிறவள், கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்றார் தையலம்மா. "நாளைக்கும் விரிப்பேன், நினைப்பிருக்கட்டும். இப்ப உள்ள போய் மெஷினுக்கு முன்னாடி இருக்கிற முக்காலியை எடுத்துட்டு வாங்க."

"முக்காலி எதுக்கு?"

"ஏற வேண்டாமா?"