பக்க மதகு திறந்த நாள்

ஊரில் எல்லாருக்கும் அவர் 'மதகு அக்கா'. அணை அலுவலகத்தைப் பெருக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்று, பரீட்சை எழுதி, மதகு இயக்குபவராகவே ஆகிவிட்டார். அதற்கும் பதினான்கு வருடம் ஆயிற்று.

அணை சின்னது, வயது எண்பதுக்கு மேல். மண்கரை எப்போதும் கொஞ்சம் கசியும். அந்த நீர் வந்து விழக் கரையடியில் ஒரு தொட்டி உண்டு. தினமும் காலையில் அக்கா அந்தக் கசிவுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் நிம்மதி. கலங்கியிருந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம்.

அன்று டம்ளரின் அடியில் வண்டல் படிந்தது. மறுபடி பிடித்தார், அப்போதும் அதேதான். உடனே பொறியாளருக்குப் போன் செய்தார்.

வந்து பார்த்த இளம் பொறியாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "அக்கா, தண்ணிய உடனே இறக்கணும். அடி மதகை முழுசாத் திறங்க."

"திறக்கலாம் சார். ஆனா கீழ ஆத்தோரப் பொந்துல நீர்நாய் குட்டி போட்டிருக்கு. இன்னும் கண்ணு திறக்கல. மொத்தமா விட்டா அடிச்சிட்டுப் போயிடும்."

"பாவந்தான். கரை போச்சுன்னா முந்நூறு வீடு போயிடுமேக்கா!"

"கரையப் போக விடுவேனா? அடி மதகைப் பாதி திறப்போம். மீதிய பக்க மதகு வழியா பழைய கால்வாய்ல விடுவோம். தண்ணி அதே வேகத்துல இறங்கும்."

"பக்க மதகா? அது துருப்பிடிச்சுப் போச்சுன்னு ஃபைல்ல இருக்கே?"

"எழுதினவர் தொட்டுப் பாக்கல சார். நான் மாசாமாசம் கிரீஸ் போடறேன்."

கிரீஸ் அவருடைய கணவரின் சைக்கிள் கடையிலிருந்து வந்தது. "கட்டின பொண்டாட்டியே கடையில கன்னம் வைக்கிறா" என்று சிரித்துக்கொண்டேதான் அவர் டப்பாவை நீட்டுவார்.

இருவருமாகச் சக்கரத்தைப் பிடித்தார்கள். முதலில் இம்மியும் அசையவில்லை. அக்கா பல்லைக் கடித்து முழு எடையையும் போட்டுத் தொங்கினார். சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது. கால்வாய்க்குள் தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, "போதும்க்கா, சரியா வருது!" என்று கத்தினார்.

மூன்றாம் நாள் நீர் இறங்கியபோது கரையின் உள்முகத்தில் ஓட்டை தெரிந்தது. என்றோ வெட்டிய மரத்தின் வேர் மக்கி, கை நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தது. ஆட்கள் தோண்டி, களிமண் திணித்து இறுக்கினார்கள். கசிவு தெளிந்தது.

பார்வையிட வந்த மேலதிகாரியிடம் பொறியாளர் அக்காவை முன்னால் நிறுத்தினார். "அணையக் காப்பாத்தினது இவங்கதான் சார்."

"அதுக்குத்தானே சார் சம்பளம்" என்றார் அக்கா. ஆனால் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கணவர் பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு அணைக்கு வந்தார். அக்கா கரை முழுக்க நடத்திக் காட்டினார், கேட்காததையும் சொன்னார். ஆற்றோர மணலில் மூன்று குட்டிகள் தாயின் மேல் ஏறி விழுந்துகொண்டிருந்தன. கணவர் பாலத்தில் போன யாரோ ஒருவரை வலிய நிறுத்தி, "இந்த அணையப் பாத்துக்கறது யாரு தெரியுமா? எங்க வீட்டுக்காரம்மா!" என்றார்.